பாப்பாவின் யூகலேலேவுக்கு ஒரு பிக்கப்

என் நாத்தனாருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றுதான் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நம்புவதற்குச் சான்றுகளும் இருந்தன. கொல்லைப்புறத்திலிருந்து அத்தை கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள். மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தாலும் தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஆனால் அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், தன் கனத்த குரலில் ஒரு சொல் சொன்னால் போதும், உடனே எழுந்து வருவாள். “அண்ணன் கூப்புட்டா மட்டும் ஓடுறா பாரு. பெத்தவ தொண்ட கிழிய கத்துனாலும் மகாராணி திரும்ப மாட்டா. ஆரோவில் பக்கம் வேலைக்குப் போனதுல இருந்தே இப்பிடித்தான்” என்பார் அத்தை. அத்தைக்கு மெல்லிய, உயர்ந்த குரல். அது எரிச்சலில் இன்னும் உயரும். மகளைப் பற்றிய அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நான் சோறு வடித்துக்கொண்டிருப்பேன்.

அந்த நம்பிக்கையை உடைத்த பொருள் இப்போது என் உள்ளங்கையில் இருக்கிறது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய கறுப்பு வில்லை. அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி நீளுகிறது. கம்பியின் முனையில், ஸ்பீக்கரில் செருகும் பகுதி முழுவதும் பச்சை பூத்துப் போயிருக்கிறது. மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் பாதையோரம் எங்கள் வீடு. இந்தக் காற்று எந்த உலோகத்தையும் நீண்டகாலம் விட்டுவைப்பதில்லை. அலமாரியைத் துடைக்கும்போது கிடைத்த இதைத் தூக்கிப் போட மனம் வராமல், சன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் கடைசியாகப் பிறந்தவள் என்பதால் அவள் எல்லோருக்கும் பாப்பா. முப்பது வயதைக் கடந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. படிப்பை நிறுத்திய புதிதில் அவள் தன் அம்மாவோடு உப்பளத்தில் வேலை செய்தாள். மழைக்காலம் முடிந்து வேலை தொடங்கும்போது, உப்பு விளையவேண்டிய பாத்திகளின் களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் வாரும் உப்பில் சேறு ஏறிவிடும். பெண்கள் தோளோடு தோள் சேர வரிசையாக நின்று, குதிகாலை ஓங்கி ஓர் அடி, பாதம் முழுவதும் பதிய ஓர் அடி என்று மிதித்தபடி பாத்தியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர்வார்கள். வரிசையில் ஒருத்தி தாளம் தப்பினால் அவள் நின்ற இடத்தில் மண் இளகி நிற்கும்; மறுநாள் அது எல்லோருக்கும் தெரியும். பாப்பா தப்பியதே இல்லை என்று அத்தையே ஒருமுறை பெருமையாகச் சொன்னதுண்டு.

பிறகு ஆரோவிலை ஒட்டிய கிராமம் ஒன்றில் இருந்த சிறிய மழலையர் பள்ளியில் அவளுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. அங்கே பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஊர் திரும்பும்போது தன்னுடைய யூகலேலேவை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கைக்குழந்தையைப் போல மார்பில் அணைத்து வாசிக்க வேண்டிய, நான்கு நைலான் தந்திகள் கட்டிய அந்தச் சின்னக் கருவியைப் பாப்பா முறையாகக் கற்றவள் அல்லள். தந்திகளை மீட்டும் அதே கையின் அடிப்பகுதியால் மரப்பலகையைத் தட்டுவாள். ஓங்கி ஒன்று, பதிய ஒன்று. அது பாத்தி மிதிக்கும் தாளம் என்பதை உப்பளத்துக்காரர்கள் யாரும் உடனே கண்டுகொள்வார்கள். அழுதுகொண்டு வரும் குழந்தைகள் அந்தத் தட்டல் கேட்டதும் அடங்கி உட்காருவதாகப் பள்ளியில் சொன்னார்கள். பாட்டு வகுப்பு மெல்ல அவள் கைக்கு வந்தது.

அந்த வருடம் பள்ளியின் பொறுப்பை ஏற்றிருந்த அம்மாள் நியாயமானவர், கறாரானவரும்கூட. ஆண்டு விழாவில் பிள்ளைகளின் பாட்டைப் பாப்பா நடத்தட்டும், அது நன்றாக அமைந்தால் அவளையே பாட்டு ஆசிரியையாக வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரை அழைத்துவிட்டு அவள் சமையலறை உதவிக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். விழா திறந்தவெளியில். கடற்காற்றில் யூகலேலேவின் ஓசை முதல் வரிசைக்குக்கூட எட்டாது. அதனால் கருவியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் ஒன்றைப் பொருத்திக்கொண்டு வரச் சொன்னார். “அண்ணி, நீங்களும் கூட வாங்க. கடைக்காரங்க வேகமா பேசுவாங்க, எனக்குப் புரியாது” என்று பாப்பா கேட்டபோது, அந்தக் கடைசிச் சொற்களை நான் கவனிக்கவே இல்லை.

கூனிமேடு, கீழ்புத்துப்பட்டு வழியாகப் பேருந்து புதுச்சேரிக்குப் போய்ச் சேரும்வரை அவள் யூகலேலேவை மடியிலிருந்து இறக்கவில்லை. கடைக்காரர் நடுத்தர வயதுக்காரர். பேச்சில் அலுப்பும் கையில் பொறுமையும் கொண்டவர். “கிதாருக்குப் போடுற காந்த பிக்கப் இதுக்கு ஆவாதும்மா. அது இரும்புக் கம்பிக்கு. இது நைலான்” என்று தொடங்கினார். உள்ளே சின்ன மைக் வைக்கலாம், ஆனால் காற்றடிக்கும் இடத்தில் அது காற்றையும் சேர்த்து வாங்கும். தந்திகள் அமர்ந்திருக்கும் வெள்ளைக் கட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய பட்டையைச் செருகலாம். தந்தியின் ஓசை சுத்தமாக வரும், ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தாலும் எளிதில் அலறாது. ஆனால் அதற்குக் கருவியில் துளை போட வேண்டும். மூன்றாவது, பலகையின் மேல் ஒட்டிக்கொள்ளும் இந்த வில்லை. துளை வேண்டாம், ஆனால் மரத்தைத் தொட்டாலும் தட்டினாலும் எல்லாம் கேட்கும், கொஞ்சம் ஒலியைக் கூட்டினால் கூச்சல் போடும். “மேடைக்குன்னா பட்டைதான். கண்ண மூடிக்கினு வாங்கினு போங்க” என்றார்.

பாப்பா அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கும் முதலில் வில்லையை ஒட்டிப் பார்க்கலாம் என்று அவர் அதைப் பலகையில் அழுத்தினார். அவள் வாசிக்கத் தொடங்கினாள். ஓங்கி ஒன்று, பதிய ஒன்று. அந்தச் சின்ன மரப்பெட்டியிலிருந்து ஒரு பாத்தியே மிதிபடும் ஓசை எழுந்தது. அவள் முகம் மலர்ந்தது. கடைக்காரர் இன்னும் கொஞ்சம் ஒலியைக் கூட்டினார். அப்போதுதான் ஸ்பீக்கர் அலறியது. ஊசியைக் காதுக்குள் இறக்கியதுபோல அப்படியொரு கீச்சொலி. நான் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டேன். கடைக்காரர் தோளைக் குறுக்கிக்கொண்டு குமிழை நோக்கிப் பாய்ந்தார். தெருவில் போன ஒருவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பாப்பா மட்டும் அதே மலர்ந்த முகத்துடன், கண்களைப் பாதி மூடியபடி வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஒலி நின்றபின் கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கண் திறந்த பாப்பா, இன்னும் காதிலிருந்து இறங்காத என் கைகளைக் கண்டாள். அவள் விரல்கள் தந்தியின் மேல் அப்படியே நின்றுபோயின. திருட்டுத்தனமாக எதையோ மறைத்து வைத்தவளின் முகம் அல்ல அது; நீரில் மூழ்கும்போது தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைப்பவளின் முகம். கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிட்ட அத்தையின் மெல்லிய குரல், வாசலில் நின்ற மீன்காரம்மா, அண்ணனின் கனத்த குரலுக்கு மட்டும் திரும்பும் தலை, யூகலேலேவைச் சுதி சேர்க்கும்போது காதால் கேட்காமல் கைப்பேசித் திரையின் முள்ளையே பார்க்கும் கண்கள். ஒரு நொடியில் இவை அனைத்தும் என் முன் வரிசையாக வந்து நின்றன.

கடைக்காரர் நல்லவர். எதுவும் நடக்காததுபோல, பட்டை பொருத்திய வேறொரு யூகலேலேவை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாசித்தாள். தந்தியின் ஓசை பளிங்குபோலக் கடையை நிறைத்தது; தட்டல் மட்டும் எங்கோ பஞ்சுக்குள் விழுந்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “எங்கியோ தகரத்து மேல தூத்தல் போடுற மாதிரி இருக்குது அண்ணே. அந்த வில்லையே குடுங்க” என்றாள். “அது மேடையில கத்தும்மா. அப்புறம் என்ன வந்து கேக்கக் கூடாது” என்று என்னைப் பார்த்தே சொன்னார் அவர். எது நல்ல பிக்கப் என்ற கேள்விக்குச் சரியான விடை அவரிடம் இருந்தது. எதனால் அவளுக்குத் தன் வாசிப்பு கேட்கும் என்பது வேறு கேள்வி. “வில்லையே போதுங்க” என்றேன்.

திரும்பும் பேருந்தில் அவள் தானாகவே சொன்னாள். முதலில் போனது குக்கர் விசில். பிறகு குயில். பிறகு குழந்தைகளின் சொற்களில் மெல்லிய எழுத்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. “ஒரு டாக்டராண்ட காட்டலாமே பாப்பா” என்றேன், அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி. “காட்டுனா மிஷின் போடச் சொல்லுவாங்க. மிஷின் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். காது கேக்காதவகிட்ட யாரு அண்ணி புள்ளைய வுடுவாங்க?” என்றவள், நான் கேட்கத் தயங்கிய கேள்விக்கும் பதில் சொன்னாள். “ரோட்டுப் பக்கம் நான் தனியா எந்தப் புள்ளையும் கூட்டிட்டுப் போறதில்ல. கேட்டுல நிக்கிற வேலைய எப்பவோ ஆயாம்மாவுக்கு மாத்தி வுட்டுட்டேன். விழா முடியட்டும். பாட்டு டீச்சர் ஆயிட்டா நானே சொல்லிடுறேன். அதுவரைக்கும் அம்மாகிட்ட சொல்லாதீங்க.” உண்மையைத் தள்ளிப்போடுவது சரியா என்று சொல்ல, நான் படித்த எந்தப் புத்தகமும் அந்தச் சன்னலோர இருக்கையில் எனக்கு உதவிக்கு வரவில்லை. சரி என்று தலையை அசைத்தேன்.

அதன்பின் விழாவரை நாங்கள் இருவரும் ஒரே ஆளாகப் பழகினோம் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளியிலிருந்து ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கிவந்து, மதிய நேரத்தில், உப்புச் சாக்குகள் அடுக்கிய கொட்டகையில் அவள் வாசிக்க, நான் குமிழின் மேல் கை வைத்து உட்காருவேன். அலறல் முழுதாக வருவதற்கு முன் மிக மெல்லிய ஓர் இழை கேட்கும். அதைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இழை கேட்டதும் நான் உள்ளங்கையை உயர்த்துவேன். அவள் ஸ்பீக்கருக்கு முதுகு காட்டித் திரும்புவாள். நான் குமிழைத் தணிப்பேன். “நாத்தனாரும் அண்ணியும் கூட்டணி போட்டுட்டாங்கப்பா. இனிமே நமக்கு இந்த வூட்ல ஓட்டே கெடையாது” என்று அத்தை தன் மகனிடம் சொல்லிச் சிரித்தார். விழாவுக்குப் பொறுப்பாளரம்மா என்னையே ஒலியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது எங்கள் அதிர்ஷ்டம்.

விழா அன்று காலை அத்தை ஒரு காரியம் செய்தார். எங்கள் பக்கத்து வீடுகளில் பூட்டு, கீல், அரிவாள், தையல் மெஷின் என்று எதையும் வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது வழக்கம். இல்லையென்றால் உப்புக் காற்று தின்றுவிடும். மகள்மேல் ஆயிரம் குறை இருந்தாலும், நாலு பேர் முன்னால் அவள் கையில் இருக்கப்போகும் பொருள் பளபளவென்று இருக்கட்டும் என்று யூகலேலேவை எடுத்து, வில்லையைப் பிரித்து வைத்துவிட்டு, பலகை முழுவதும் எண்ணெய் தேய்த்து மெருகேற்றி, வில்லையை மறுபடி இருந்த இடத்திலேயே அழுத்தி வைத்துவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. அது அன்பினால் செய்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஐயமில்லை.

மாலை வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சவுக்கு மரங்களை ஒட்டிப் பலகை மேடை. முதல் வரிசையில் அத்தையும் என் கணவரும். பிள்ளைகள் அரைவட்டமாக நிற்க, நடுவில் வெறுங்காலோடு பாப்பா. வளைக்குத் திரும்பும் வழியை மறந்த ஒரு நண்டைப் பற்றி அவளே கட்டிய பாட்டு. முதல் வரி நன்றாகப் போயிற்று. மிதித்தாளம் மணலைத் தாண்டிச் சாலைவரை கேட்டிருக்கும். இரண்டாம் வரியில் ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு. பிறகு தாளம் இல்லை. காற்றின் இரைச்சலும் பிள்ளைகளின் தடுமாறும் குரல்களும் மட்டும் இருந்தன.

பாப்பா தன் கையைப் பார்த்தாள். இன்னும் ஓங்கித் தட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கப் போவதில்லை. கருவி பழுதாகிவிட்டது என்று அவள் நினைக்கவில்லை. மிச்சமிருந்த செவியும் அந்த நொடியில் போய்விட்டது என்று நினைத்தாள். அலறலுக்கு உள்ளங்கையை உயர்த்துவது என்று பேசிவைத்திருந்தோம். மௌனத்துக்கு நாங்கள் எந்தச் சைகையும் வைத்திருக்கவில்லை. வேறு வழி தெரியாமல் நான் குமிழைக் கடைசிவரை திருகினேன். ஒன்றும் வரவில்லை. பொறுப்பாளரம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அப்போது பாப்பா காலைத் தூக்கினாள். குதிகாலால் ஓர் அடி, பாதம் பதிய ஓர் அடி. மேடைப் பலகை அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற சிறுமி ஒருத்தி அவளைப் பார்த்துத் தானும் மிதித்தாள். பிறகு எல்லாப் பிள்ளைகளும் மிதித்தார்கள். பாட்டு எழுந்து நின்றது.

அப்போதுதான், எண்ணெயில் வழுக்கிய வில்லை கம்பியோடு அவள் இடுப்பருகே தொங்கி ஆடுவதைக் கண்டேன். என் இடுப்பைச் சுட்டிச் சுட்டிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். செவி போகவில்லை, வில்லைதான் விழுந்திருக்கிறது என்று புரிந்த நிம்மதியில் வாய்விட்டுச் சிரித்து, அதை எடுத்துப் பலகையில் முழங்கையால் அழுத்திக்கொண்டாள். குமிழ் கடைசியில் நிற்பது எனக்கு நினைவு வருவதற்குள் அது நடந்துவிட்டது.

சவுக்கு மரங்களிலிருந்து காகங்கள் மொத்தமாக எழுந்தன. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள், கைக்குழந்தைகள் வீரிட்டன. பதற்றத்தில் என் விரல்கள் குமிழைத் தவறவிட்டன. அந்த அலறலுக்கு நடுவே பாப்பா மட்டும், தாளம் திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில், மிதித்தபடி பாடிக்கொண்டிருந்தாள். அத்தை எழுந்து மேடைக்கு மிக அருகில் வந்து, காதைப் பொத்திய கைகளோடு, “பாப்பா, நிறுத்துடி பாப்பா” என்று கத்துவது அவர் உதடுகளில் தெரிந்தது. மகள் திரும்பவில்லை. அப்போது என் கணவர் எழுந்து ஒரே ஒருமுறை அவளைக் கூப்பிட்டார். அந்தக் கீச்சொலியில் எங்களில் யாருக்கும் அவர் குரல் கேட்கவில்லை. வாய் அசைந்ததைத்தான் பார்த்தோம். பாப்பாவுக்குக் கேட்டது. திரும்பினாள். அத்தை அதைப் பார்த்துவிட்டார்.

நான் குமிழைத் தணித்தேன். அத்தை காதிலிருந்து கைகளை மெல்ல இறக்கி, “இத்தினி நாளா நான் கூப்புட்டது எதுவுமே உனக்குக் கேக்கலையாடி?” என்றார். “உன் வாய் எனக்கு எதுக்க இருந்தா கேக்கும்மா” என்றாள் பாப்பா. பொறுப்பாளரம்மா எழுந்துவந்து, மேடையின் விளிம்பைத் தட்டி அவளைத் தன் பக்கம் பார்க்க வைத்து, “பாட்ட முடிங்க. பசங்க காத்துட்டிருக்காங்க” என்றார். அவள் வில்லையை அழுத்தியபடியே நண்டை வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஆசிரியை வேலை நாங்கள் நினைத்தபடி அமையவில்லை. செவிப் பரிசோதனைக்குப் பிறகே பேசுவோம் என்றார்கள். பிறகு, இன்னொரு ஆசிரியை உடனிருக்க, பாட்டு வகுப்பு மட்டும் அவளிடம் இருந்தது. அது நியாயம் என்று அவளே சொன்னாள். காதுக்கு மிஷின் வந்தது. பள்ளியில் மாட்டிக்கொள்வாள், வீட்டுக்கு வந்ததும் வியர்வையும் உப்பும் அதைக் கெடுக்கும் என்று கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிடுவாள். சமையலறை உதவிக்கு அவள் போகவில்லை. இந்த வில்லை கெட்டுப்போன பின் வேறொன்று வாங்கினோம்; அதுவும் ஒட்டும் வில்லைதான்.

மாறியவர் அத்தை. அந்த மாலைக்குப் பிறகு அவர் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, தரையில் குதிகாலால் ஓர் அடி, பாதம் பதிய ஓர் அடி மிதிப்பார். பாப்பா திரும்புவாள். முழங்கால் வலியில் நடக்கவே சிரமப்பட்ட கடைசி நாட்களில்கூட, கட்டிலில் உட்கார்ந்தபடி கைத்தடியால் அந்தத் தாளத்தைத் தட்டினார். திட்டுவதற்கும் அதே தாளம்தான். கொஞ்சம் வேகமாக இருக்கும், அவ்வளவே.

என் கணவர் இப்போது உப்பு வியாபாரத்துக்காக வெளியூரில் தங்கிவிட்டார்; மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். கறுப்பு வில்லையை அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தேன். கொல்லையில் பாப்பா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், முதுகு எனக்குக் காட்டி. அருகில் போய் மிதித்தேன். திரும்புவதற்கு முன் ஒரு கணம் அவள் தோள் தயங்கியது. என் மிதிக்கும் அத்தையின் மிதிக்கும் வேறுபாடு அவளுக்குத் தெரியும். பிறகு திரும்பினாள். அத்தை இப்போது இல்லை. வீட்டில் நாங்கள் இருவர் இருக்கிறோம்.